நெக்ஸ்ட்கிளவுட் டேட்டா எங்கே போச்சு? பெங்களூரு நண்பர்களுக்குப் பதில்கள்

அல்சூர் நண்பர்: அண்ணா, எஸ்பி ரோட்டில் பழைய மினி பிசி வாங்கி டாக்கரில் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) நெக்ஸ்ட்கிளவுட் (நம்ம கம்ப்யூட்டரிலேயே வைக்கும் கூகுள் டிரைவ் மாதிரி) ஓட்டினேன். புது இமேஜ் (செயலியின் அச்சு) இழுத்து, பழைய கன்டெய்னரை (அந்த அச்சிலிருந்து ஓடும் பெட்டி) அழித்துப் புதுசு போட்டதும் அட்மின் அக்கவுண்ட் உருவாக்கச் சொல்லுது. போட்டோ எல்லாம் போச்சா?

பதில்: பதறாதீங்க. வால்யூமுக்கு, அதாவது கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் டேட்டாவைச் சேமிக்கும் இடத்துக்கு, பெயர் தராமல் ஓட்டியிருப்பீங்க. அப்போது டாக்கரே பெயரில்லாத வால்யூம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்; கன்டெய்னர் புதுசானால் வால்யூமும் புதுசு. பழையது பெரும்பாலும் டிஸ்கிலேயே அனாதையாகக் கிடக்கும். 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' போட்டால் நீளமான குழப்பப் பெயரோடு தெரியும். அதைப் புது கன்டெய்னரின் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் இடத்தில் மாட்டுங்க. தனி டேட்டாபேஸ் வைக்கலைன்னா எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் ஃபைலும் அதற்குள்ளேயே இருக்கும், எல்லாம் திரும்பிவிடும். அதுவரை, பயன்படாத வால்யூம்களை அழிக்கும் 'வால்யூம் ப்ரூன்' கட்டளை பக்கம் போகவே போகாதீங்க. டாக்கர் 23-லிருந்து அது தேடி அழிப்பதே இந்தப் பெயரில்லாதவற்றைத்தான்.

கேஆர் புரம் நண்பர்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைத் தனியாக வைத்திருக்கேன் சார். எந்த ஃபோல்டரை மாட்டணும்?

பதில்: போஸ்ட்கிரெஸ் 17 வரை /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டா. 18-லிருந்து கடைசி 'டேட்டா' இல்லாமல். பழைய கம்போஸ் ஃபைலை, அதாவது கன்டெய்னர் அமைப்புகளை எழுதி வைத்த ஃபைலை, காப்பியடிக்கிறவங்க இங்கேதான் சிக்கிக்குவாங்க. இமேஜில் 'லேட்டஸ்ட்' போடாமல் எண்ணைக் குறிப்பிடுங்க: 16-இன் டேட்டாவை 17 அப்படியே திறக்காது. நெக்ஸ்ட்கிளவுடும் பெரிய வெர்ஷன்களை ஒவ்வொன்றாகத்தான் ஏற விடும்.

ஒயிட்ஃபீல்டு நண்பர்: டேட்டா யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில். கரண்ட் போய் வந்ததும் ஃபோல்டர் காலி!

பதில்: டிஸ்க் மவுண்ட் ஆவதற்குள் (சிஸ்டத்தோடு இணைவதற்குள்) டாக்கர் எழுந்துவிட்டது, அது பார்த்தது டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டர். கன்டெய்னரை நிறுத்தி, டிஸ்கை மவுண்ட் பண்ணிப் பாருங்க, ஃபைல்கள் இருக்கும். இனிமேல் டேட்டாவை டிஸ்கினுள் ஒரு துணை ஃபோல்டரில் வையுங்க. கம்போஸில், ஃபோல்டர் இல்லைன்னா தானாக உருவாக்கும் 'கிரியேட் ஹோஸ்ட் பாத்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்க. டிஸ்க் இல்லைன்னா கன்டெய்னரே கிளம்பாது. காலி ஃபோல்டரில் எழுதுவதைவிட அதுவே மேல்.

இன்னொருவர்: பர்மிஷன் டினைடு வருது.

பதில்: நெக்ஸ்ட்கிளவுடின் டெபியன் இமேஜ் என்றால் ஃபோல்டரின் ஓனர் எண் 33, ஆல்பைன் என்றால் 82 (இரண்டும் லினக்ஸ் வகைகள்). எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீங்க.

இந்திராநகர் தோழி: கன்டெய்னர்களை நிறுத்தி அகற்றும் 'கம்போஸ் டவுன்' போட்டால் டேட்டா அழியுமா?

பதில்: பெயர் வைத்த வால்யூம் அழியாது. கூடவே '-வி' சேர்த்தால் அழியும், ஒரு வார்த்தை கேட்காது.

அதே தோழி: அப்போ பேக்கப் தேவையில்லையே?

பதில்: டிஸ்கே செத்தால் வால்யூம் எங்கே இருக்கும்மா? நெக்ஸ்ட்கிளவுடில் மெயின்டனன்ஸ் மோடு போட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 'பிஜி டம்ப்' கட்டளையால் நகல் எடுத்து, டேட்டாவையும் கான்ஃபிக்கையும் வேறு டிஸ்குக்கு நகலெடுங்க. அதை என்கிரிப்ட் பண்ணி, பொங்கலுக்குப் போகும்போது ஊர் வீட்டில் வைத்துவிட்டு வாங்க. வைக்கும் முன் ஒரு தடவை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் பண்ணிப் பார்த்துடுங்க.