பின்லாந்து, சுவீடன் காகித ஏற்றுமதியை ஆண்டுவாரியாக எப்படி ஒப்பிடுவது?

டாலர் மதிப்பை மட்டும் வரைந்தால் ஏமாந்துபோவீர்கள். 2015 போல டாலர் வலுத்த ஆண்டில், ஏற்றிய சரக்கு குறையாமலே இரு கோடுகளும் இறங்கும். முதலில் டன், பிறகு டன்னுக்கு என்ன விலை என்று பாருங்கள்.

டன் கணக்கு எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு) தரவில் 1961 முதல் உண்டு. ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்டிரேடில், எச்.எஸ். என்ற சுங்கக் குறியீட்டில் காகிதத்துக்கான 48ஐ எடுத்தால் அட்டைப்பெட்டி, நோட்டுப்புத்தகம் எல்லாம் சேர்ந்துவிடும், எஃப்.ஏ.ஓ. கணக்கில் அவை இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டவே கூடாது. மரக்கூழ் தனி, அது 47.

அடுத்து 48ஐ உடைத்துப் பாருங்கள், விஷயமே அங்கேதான். பின்லாந்து பத்திரிகைக் காகிதத்தை அதிகம் நம்பியிருந்தது. வாசகர்கள் திரைக்கு மாறியதும் கைபோலா ஆலை 2020இலும் வெய்த்சிலுவோட்டோ 2021இலும் மூடப்பட்டன. ஔலு ஆலை பூச்சுக் காகிதத்தை விட்டு அட்டைப்பெட்டிக்கான கிராஃப்ட்லைனர் காகிதத்துக்கு மாறியது. அதனால் பூச்சுக் காகிதத்தின் குறியீடான 4810 சரிந்து, கிராஃப்ட் காகிதத்தின் 4804 ஏறும். சுவீடனிலும் குவார்ன்ஸ்வேடன் ஆலை 2021இல் மூடியது. ஆனாலும் அட்டையும் பேக்கிங் காகிதமும் அங்கே தாங்கிப் பிடித்தன.

2022இல் பின்லாந்தின் டன் கோட்டில் தெரியும் பள்ளத்தைத் தேவைச் சரிவு என்று மட்டும் படிக்காதீர்கள். பின்லாந்தின் பெரிய காகித நிறுவனமான யூ.பி.எம். ஆலைகளில் அந்த ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை வேலைநிறுத்தம்.