லுங்கியில குர்தி தைக்கிற பொண்ண என்ன படிக்க வைக்கலாம்?

அக்கா, ராத்திரி நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். கடைசில அழுதுட்டீங்க, அதான் போன்ல ரெண்டு வார்த்தை பேசி முடிக்காம உக்காந்து எழுதுறேன். பிளஸ் டூ படிக்கிற பொண்ணு தீபாவளிக்குப் புதுத்துணி வேணாங்குறா, ஞாயித்துக்கிழமை ஆனா பிரெண்ட்ஸோட காசிமேடு பக்கம் கடற்கரைய சுத்தம் பண்ண குப்பை பொறுக்கப் போயிடுறா, எம்.சி. ரோட்டுல அவங்க அப்பா வேலை பாக்குற ரெடிமேட் கடை வாசல்லயே நின்னு "199 ரூபாய்க்கு ஒரு டாப்ஸ்னா தைச்சவங்களுக்கு என்னப்பா குடுத்திருப்பாங்க"ன்னு கேக்குறா, இப்போ சஸ்டெயினபிள் ஃபேஷன், அதாவது மண்ணு தண்ணியக் கெடுக்காம, தைக்கிறவங்க வயித்துலயும் அடிக்காம துணி செய்யுற படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா. இந்தப் படிப்பு சோறு போடுமான்னு கேட்டீங்க. போடும்க்கா. ஆனா எங்க சேக்குறீங்க, என்ன கத்துக்குறா, அதப் பொறுத்துதான்.

போன சனிக்கிழமை அவ என்னப் பாக்க வந்தப்போ அப்பாவோட பழைய லுங்கியில தைச்ச குர்தி ஒண்ணு எடுத்துட்டு வந்தா, நான் அத உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். சைடுல அரை இஞ்ச் துணி விட்டுத் தைச்சிருக்கா, பின்னாடி லூஸ் பண்ணிக்கலாம்னு. லுங்கி கரையையே கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி வெட்டியிருக்கா, அதனால மடிச்சுத் தைக்கத் துணி வீணாகல. கழுத்துதான் சுருங்கி நிக்குது, கிராஸ் பீஸ், அதான் கழுத்து ஓரத்துக்குத் துணிய குறுக்கா வெட்டி வைக்கிற பட்டி, அது போட இன்னும் வரல. அதவிட என்னப் பிடிச்சு நிறுத்துனது அவ நோட்டுதான். உங்க தையல் மெஷினுக்குக் கீழ விழுற வெட்டுத்துணிய தினமும் கிச்சன் தராசுல நிறுத்து எழுதி வச்சிருக்கா, நீங்க கவனிச்சீங்களான்னு தெரியல. திங்கள் 240 கிராம், செவ்வாய் 310, அதுல லைனிங் எவ்ளோ, பாலியஸ்டர் எவ்ளோன்னு தனித்தனியா. அக்கா, இதத்தான் கம்பெனிங்க சம்பளம் குடுத்து ஆள் வச்சு செய்யுறாங்க.

ஏன்னு சொல்றேன். 2013 ஏப்ரல் 24ம் தேதி பங்களாதேஷ்ல ராணா பிளாசான்னு ஒரு எட்டு மாடி கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் துணி தைக்கிற பொண்ணுங்க. அதுக்கப்புறம்தான் என் துணிய யார் தைச்சாங்கன்னு உலகம் பூரா இளவட்டப் பசங்க கேக்க ஆரம்பிச்சாங்க, ஃபேஷன் ரெவல்யூஷன்ங்குற இயக்கமே அதுல இருந்து வந்ததுதான். நம்ம பக்கத்துலயே பாருங்க, நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி விட்டதுக்கு 2011ல ஹைகோர்ட் உத்தரவு போட்டு திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடுனாங்க, இன்னிக்கு அங்க ஒரு சொட்டு கழிவுத்தண்ணி வெளிய விடாம சுத்திகரிச்சு திரும்பப் பயன்படுத்தணும்னு கட்டாயம். வெளிநாட்டு பையர் சர்டிபிகேட் கேக்குறான், பருத்தி எந்த ஊருது, எந்தச் சாயம், எவ்ளோ தண்ணி, தைச்சவங்களுக்கு ஓவர்டைம் குடுத்தியான்னு கணக்கு கேக்குறான். நம்ம நாட்டுல ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபியும், அந்த மார்க்கெட்ல இருக்குற பெரிய கம்பெனி 1,000க்கு 2022-23ல இருந்து சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரத்தோட ரிப்போர்ட் குடுக்கணும்னு ஆக்கிடுச்சு. இந்தக் கணக்க எழுத, சரிபார்க்க, லேப்ல டெஸ்ட் பண்ண, மில்லுக்குள்ள போய் ஆடிட் பண்ண ஆள் வேணும். மேடையில பேசுறதுக்கு நிறைய பசங்க வந்துட்டாங்க, துணிய தொட்டுப் பாத்து இது என்ன நூல்னு சொல்லத் தெரிஞ்சவங்கதான் கம்மி.

அவ கேக்குற கேள்வி நம்ம ஏரியாவுக்குப் புதுசும் இல்ல. 1918லயே பெரம்பூர் பின்னி துணி மில் தொழிலாளிங்கள வச்சுத்தான சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சுது, திரு.வி.க. எல்லாம் நின்ன இடம் அது. வண்ணாரப்பேட்டைன்னு பேர் வந்ததே துணி வெளுத்தவங்களாலதான். 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகம் பூரா எண்ணெய் படிஞ்சத நேர்ல பாத்த பொண்ணு அவ, சும்மா இருக்கச் சொன்னா எப்படி இருப்பா? திருவண்ணாமலை ஸ்கூல் பொண்ணு வினிஷா உமாசங்கர், கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரி வண்டியப் பாத்துட்டு சோலார் வண்டி டிசைன் பண்ணி 2021ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல போய் பேசுனா. அவளும் தெருவுல கண்ணால பாத்ததுலதான் ஆரம்பிச்சா.

இப்ப படிப்புக்கு வர்றேன். என் முதல் சாய்ஸ் பி.டெக் டெக்ஸ்டைல் டெக்னாலஜி, கிண்டியில அண்ணா யுனிவர்சிட்டியோட ஏ.சி. டெக் காலேஜ்ல இருக்கு, கோயம்புத்தூர் பக்கமும் நல்ல காலேஜ் இருக்கு. அவ மேத்ஸ், கெமிஸ்ட்ரி இருக்குற குரூப், ஆறாங்கிளாஸ்ல இருந்து கவர்மென்ட் ஸ்கூல், அதனால இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வருவா, சீட் கிடைச்சா ஃபீஸ் கவர்மென்டே கட்டும், புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் வரும். இத நிறைய பேர் தெரியாமலே விட்டுடுறாங்க. ரெண்டாவது தரமணி நிஃப்ட், சென்ட்ரல் கவர்மென்டோட ஃபேஷன் காலேஜ். நல்ல இடம்தான், என்ட்ரன்ஸ் எழுதணும், அப்ளிகேஷன் மார்ச் பரீட்சைக்கு முன்னாடியே வந்துடும், ஆனா நாலு வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல ஆகும், உதவித்தொகை கிடைக்குமான்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும். கைத்தறி மேல ஆசைன்னா சேலத்துல டிப்ளமோ இருக்கு.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சி கேக்குறேன், போஸ்டர்ல பெருசா சஸ்டெயினபிள்னு போட்டு ஒரு வருஷ டிப்ளமோவுக்கு லட்சக்கணக்குல கேக்குற இடத்துல நகைய வச்சு சேக்காதீங்க. என்கிட்ட வந்த ஒரு அம்மா அப்படி சேத்தாங்க, அந்தப் பொண்ணுக்கு ஒரு தடவ கூட சாயப்பட்டறைய காட்டல, லேப்னு ஒரு ரூம்ல நாலு தையல் மெஷின் மட்டும்தான் இருந்துச்சாம். சேர்றதுக்கு முன்னாடி லேப காட்டுங்க, பழைய ஸ்டூடன்ட் ரெண்டு பேர் நம்பர் குடுங்கன்னு கேளுங்க, தயங்குனா திரும்பி வந்துடுங்க.

கஷ்டத்தையும் சொல்லணும்ல. ஆரம்ப சம்பளம் ஐடி மாதிரி இருக்காது, வேலையும் பாதி திருப்பூர், கரூர் பக்கம்தான், வீட்ட விட்டுப் போக வேண்டி வரும். அம்பத்தூர், கிண்டியிலயும் எக்ஸ்போர்ட் கம்பெனி இருக்கு, ஆனா முதல் ரெண்டு வருஷம் ஃபேக்டரி பக்கத்துல இருந்தாத்தான் தொழில் பிடிபடும்.

தீபாவளி விஷயத்த மனசுல வச்சுக்காதீங்க, உங்கள நோகடிக்க அவ சொல்லல. பீரோவுல கிழிஞ்ச பட்டுப்புடவை இருக்குன்னு சொன்னீங்களே, அத எடுத்து நீங்க ரெண்டு பேரும் சேந்து அவளுக்கு ஒரு பாவாடை தைங்க, ஓரத்துல மஞ்சள் வச்சு சாமி முன்னாடி வச்சுக் குடுங்க, வாங்கிக்குவா. அப்படியே கழுத்துக்கு கிராஸ் பீஸ் எப்படி வெட்டணும்னும் காட்டிக் குடுங்க. நிஃப்ட்ல சிச்சுவேஷன் டெஸ்ட்னு ஒண்ணு உண்டு, கையில இருக்குற பொருள வச்சு ஏதாவது செஞ்சு காட்டச் சொல்வாங்க, உங்ககிட்ட கத்துக்குறது அங்கயும் உதவும்.

வர்ற சனிக்கிழமை நாலு மணிக்கு கூட்டிட்டு வாங்க, நீங்களும் அண்ணனும் சேந்து வரணும். பத்தாவது மார்க் ஷீட், வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆறுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சதுக்கான சான்று எல்லாம் எடுத்துக்கோங்க, இல்லாதத இந்த வாரமே இ-சேவையில போட்டுடுங்க. அந்த நோட்டையும் மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க.