தாடி வைத்தவர் வில்லனா?

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' என்கிற விண்வெளிக் கதையின் பழைய டிவி தொடரில் இணைப் பிரபஞ்சத்தை வைத்து வந்த 'மிரர், மிரர்' எபிசோடைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசுகிற ரசிகர்கள் எல்லோரும் விண்கப்பல் அதிகாரி ஸ்போக்கின் தாடியைத்தான் பேசுகிறார்கள். ஒருவன் கெட்டவன் என்று காட்ட ஒரு தாடியை ஒட்டினால் போதுமா? சிறுபிள்ளைத்தனமாக இல்லையா? இணைப் பிரபஞ்சம் என்று ஒன்று அறிவியல்படி உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாடியில் கை வைத்துவிட்டீர்கள். அதை முடிக்காமல் பிரபஞ்சத்துக்குப் போக எனக்கு மனம் வராது.

நம்மூரில் தாடி என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்கள்? வள்ளுவருக்குத் தாடி. பெரியாருக்குத் தாடி. மலைக்கு மாலை போட்டவருக்கு ஒரு மண்டலத் தாடி. சினிமாவில் காதலில் தோற்றவனுக்கு இடைவேளைக்குப் பிறகு தாடி. ரிஷிகளைச் சொல்லவே வேண்டாம். அடியாள் என்று காட்ட நம் சினிமாக்காரர்கள் கன்னத்தில் ஒரு மருவை வைத்தார்கள், கோடு போட்ட பனியனை மாட்டினார்கள், கழுத்தில் கைக்குட்டை கட்டினார்கள். தாடியைப் பெரும்பாலும் பெரியவர்களுக்கும் துக்கப்பட்டவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் முதல்முறையாக அந்த எபிசோடைப் பார்த்தால், 'பாவம், இந்த ஸ்போக்குக்கு என்ன கஷ்டமோ' என்றுதான் நினைப்பார்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1967 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை இரவு என்பிசி டிவியில் அது ஒளிபரப்பானது. ஸ்போக்காக நடித்த லெனார்ட் நிமாயின் முகவாயில் இருந்த அந்தச் சிறு தாடி அதற்குப் பிறகு தனியாகவே ஒரு வாழ்க்கை வாழ்ந்தது. நாயகனின் கெட்ட இரட்டையைக் காட்ட வேண்டுமா, ஒரு குறுந்தாடியை ஒட்டு என்பது அங்கே டிவிக்காரர்களின் சூத்திரமாகிவிட்டது. 'நைட் ரைடர்' செய்தது. 2011-ல் 'கம்யூனிட்டி' தொடரில் கறுப்புத் துணியில் தாடி வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். 1992-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஒரு ராக் இசைக்குழு 'ஸ்போக்ஸ் பியர்ட்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. இவ்வளவு பேரும் தாடியைப் பார்த்தார்கள். தாடிக்கு மேலே இருந்த ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. 2000-ல் 'ஃப்யூச்சுராமா' கார்ட்டூன்காரர்கள் மட்டும் சரியாகப் பிடித்தார்கள்: தாடி வைத்த ரோபோதான் திருடன் என்று எல்லோரும் சந்தேகப்பட, கடைசியில் தாடி இல்லாதவன்தான் திருடன் என்று தெரியவரும்.

அந்தத் தாடி ஸ்போக் கெட்டவன் இல்லை என்பது என் திடமான கருத்து. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். கேப்டன் கிர்க்கும் டாக்டர் மெக்காய், ஸ்காட்டி, உஹுரா ஆகிய மூவரும் ஹால்கன் என்கிற அமைதியான மக்களிடம், விண்கப்பலை ஓட்ட வேண்டிய டைலித்தியம் படிகம் கேட்டுப் போகிறார்கள். கிடைக்கவில்லை. திரும்பும்போது அயனிப் புயலில் இடம் மாறி, இன்னொரு பிரபஞ்சத்தில் இருக்கும் தங்கள் கப்பலான என்டர்பிரைஸில் போய் இறங்குகிறார்கள். அங்கே இவர்கள் ஊரைப் போலக் கிரகங்களின் கூட்டமைப்பு கிடையாது, சாம்ராஜ்யம். மேலதிகாரியைக் கொன்றால் பதவி உயர்வு. அந்தக் கப்பலின் ஸ்போக்குக்குத்தான் தாடி.

அவர் சாது என்று சொல்ல வரவில்லை. அவரை நாம் முதலில் பார்க்கும் காட்சியே குரூரமானது. ஆட்களை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் இடமாற்றக் கருவியை இயக்கிய கைல் என்கிற ஊழியர் புயலின்போது ஏதோ பிசகிவிட்டார். ஸ்போக் குரலை உயர்த்தவே இல்லை. 'உன்னுடைய கருவியைக் கொடு' என்று கையை நீட்டுகிறார். கைல் கெஞ்சுகிறார். கெஞ்சிக்கொண்டே தன் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் தானே கொடுக்கிறார். அதை ஸ்போக் அவர் உடம்பில் வைத்து அழுத்த, மனிதர் துடித்து விழுகிறார். அந்தக் கப்பலில் ஒவ்வொருவனும் தன்னை வதைப்பதற்கான கருவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு வேலைக்கு வருகிறான். சர்வாதிகாரம் என்றால் என்ன என்று விளக்க இந்த ஒரு காட்சி போதும். ரசிகர்கள் பேச வேண்டியது இதைத்தான்.

அதே ஸ்போக் பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள். படிகம் தராத ஹால்கன் நகரங்களை அழிக்க வேண்டும் என்பது சாம்ராஜ்யத்தின் உத்தரவு; கிர்க் அதைச் செய்யாமல் இழுத்தடிக்கிறார். 'அவனைக் கொன்றுவிட்டு நீயே கேப்டனாகி வேலையை முடி' என்று தலைமையிடமிருந்து ஸ்போக்குக்கு ரகசிய உத்தரவு வருகிறது. ஸ்போக் நேரே கிர்க்கிடமே வந்து இதைச் சொல்லிவிடுகிறார். அந்தக் கப்பலில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பிறகு மருத்துவ அறையில் கைகலப்பு. ஸ்போக் மண்டையில் அடிபட்டுக் கிடக்கிறார். தப்பிப் போக நிமிடங்கள்தான் பாக்கி. ஆனால் டாக்டர் மெக்காய் நகர மறுக்கிறார். அடிபட்டவன் எந்தப் பிரபஞ்சத்துக்காரனாக இருந்தாலும் அவருக்கு நோயாளி. கண் விழித்த ஸ்போக் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, கேப்டன் தன்னை ஏன் உயிரோடு விட்டார் என்று கேட்கிறார். ஓர் இரக்கத்தைப் பார்த்து, 'இது ஏன்' என்று கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கப்பலில் அவர்தான். உண்மை தெரிந்த பிறகு அவரே இடமாற்றக் கருவியை இயக்கி நால்வரையும் அனுப்பி வைக்கிறார். கிளம்பும் முன், இந்த சாம்ராஜ்யத்தை நீ மாற்று என்று கிர்க் அவரிடம் பேசிவிட்டுப் போகிறார். இவரையா வில்லன் வரிசையில் சேர்ப்பது? இந்த வழக்கில் நான் எந்த ஊர்க் கோர்ட்டிலும் வாதாடத் தயார்.

இந்த எபிசோடில் ரசிகர்கள் அநியாயமாக மறந்துவிட்ட இன்னொரு கூட்டம் ஹால்கன்கள். கதை தொடங்குவதே அவர்களின் தலைவர் தார்னிடமிருந்துதான். 'எங்கள் படிகத்தால் ஒரு உயிர் போகக்கூடும் என்றால் தர மாட்டோம்' என்பது அவர்கள் நிலை. சாம்ராஜ்யத்தின் பீரங்கி தலைக்கு மேல் நிற்கும்போதும் அதே பதில்தான். கிர்க்குக்கு இரண்டு முகம், கப்பல் அதிகாரி சூலுவுக்கு இரண்டு முகம், ஸ்போக்குக்கு இரண்டு முகவாய். ஹால்கன்களுக்கு மட்டும் இரண்டு பிரபஞ்சத்திலும் ஒரே முகம். எழுதிய ஜெரோம் பிக்ஸ்பி இதை உரக்கச் சொல்லவில்லை. பார்க்கிறவன் கண்டுபிடிக்கட்டும் என்று வைத்திருக்கிறார். அந்த மரியாதையை நாம் அவருக்குத் திருப்பித் தரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ரசிகர்களைத் திட்டிவிட்டேன், அதனால் அவர்களின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். அந்த எபிசோட் வந்த பருவத்திலேயே தொடரை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. பார்வையாளர் எண்ணிக்கை போதாதாம். இந்த எண்ணிக்கை வியாபாரத்தோடு எனக்கு வெகுநாள் பகை உண்டு, இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு அது தெரியும். எத்தனை வீட்டில் பெட்டி ஓடியது என்பதை அது அளக்கும், எத்தனை பேர் மறுநாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அளக்க அதற்கு வழியே கிடையாது. பிஜோ ட்ரிம்பிள் என்கிற ரசிகையும் அவர் கணவர் ஜானும் ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுத வைத்தார்கள். 1968 ஜனவரியில் கால்டெக் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி பர்பாங்கில் இருந்த என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் குவிந்தன என்று சொல்லப்பட்டது. மார்ச் 1-ம் தேதி அன்றைய எபிசோட் முடிந்ததும், தொடர் மீண்டும் வரும் என்று என்பிசி திரையிலேயே அறிவித்தது. ஒரு பத்திரிகை ஆசிரியனாக இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அதே ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதின் நாடகப் பிரிவில் போட்டியிட்ட ஐந்தும் ஸ்டார் ட்ரெக் எபிசோடுகள். 'மிரர், மிரர்' அதில் ஒன்று. என்பிசியோ அடுத்த பருவத்தைக் கொண்டுபோய் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போட்டது. இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969-ல், 79 எபிசோடோடு கதை முடிந்தது. தொடரைத் தோற்கடித்ததில் அந்த நேர ஒதுக்கீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

இன்னொரு பழைய சண்டையும் பாக்கி இருக்கிறது. 1994-ல் ஸ்டார் ட்ரெக் வரிசையிலேயே வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் அந்தப் பிரபஞ்சத்துக்குத் திரும்பிப் போனது. கிர்க் பேச்சைக் கேட்ட தாடி ஸ்போக் சாம்ராஜ்யத்தின் தலைமைக்கே வந்தாராம், சீர்திருத்தம் செய்தாராம், ஆயுதங்களைக் குறைத்தாராம். உடனே க்ளிங்கான்கள், கார்டாசியர்கள் என்கிற வேற்றுக்கிரக இனத்தார் கூட்டுச் சேர்ந்து வந்து மனிதர்களை அடிமையாக்கிவிட்டார்களாம். 'பார்த்தீர்களா, நல்லவனாக இருந்தால் இதுதான் கதி' என்று அன்றிலிருந்து ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை நான் ஏற்கவே மாட்டேன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் மண்ணைப் பறித்த சாம்ராஜ்யம் சேர்த்துவைத்த பகை அது. அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிப்பதை நிறுத்தியவர் தலையில் பழியைப் போடுவது என்ன நியாயம்? கிர்க் பேசாமல் திரும்பியிருந்தாலும் இருநூற்று நாற்பது ஆண்டில் சாம்ராஜ்யம் விழும் என்று ஸ்போக்கே கணக்குப் போட்டுச் சொன்னாரே. அதற்குள் எத்தனை ஹால்கன் நகரங்கள் சாம்பலாகியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஹியூ எவரெட் என்கிற இளைஞர் 1957-ல் பிரின்ஸ்டனில் கொடுத்த ஆய்வேட்டில், குவாண்டம் சமன்பாட்டை அப்படியே நம்பினால் சாத்தியங்கள் எல்லாம் தனித்தனிக் கிளைகளாக நடக்கின்றன என்று வாதிட்டார். அன்று இயற்பியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் அதற்கு முன்பே பென்டகனில் ஆயுதக் கணக்கு போடும் வேலைக்குப் போய்விட்டார். 1970-ல் ப்ரைஸ் டிவிட் என்கிற இயற்பியலாளர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய பிறகுதான் பரவலான பேச்சு வந்தது. அது உண்மையா என்று இன்றும் இயற்பியலாளர்கள் மோதிக்கொள்கிறார்கள். உண்மையாகவே இருந்தாலும் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ எவரெட்டின் கணக்கில் வழியில்லை. எந்தப் புயலும் உதவாது. பிக்ஸ்பி தன் கதைக்கு எவரெட்டிடம் போகவில்லை; 1950-களில் தானே எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து அதை எடுத்தார்.

எபிசோடை மறுபடி பாருங்கள். தார்ன் பேசும் இடத்தில் ஒலியைக் கூட்டி வையுங்கள். தாடி ஸ்போக் ஹால்கன்களைக் காப்பாற்றியிருப்பாரா, மாட்டாரா என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கேள்விக்கு அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.