எந்தத் தளப் பெயர் எந்த சர்வரின் ஐபி எண்ணுக்குப் போக வேண்டும் என்று கணினியில் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை நோட்பேடில் திருத்துவது தொல்லையாக இருக்கிறது. அதற்கு நல்ல செயலி எது?

ஸ்விட்ச்ஹோஸ்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணையதளங்களை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவது என் வேலை என்பதால், இதைத் திறக்காத நாள் குறைவு.

நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, சிஸ்டம்32-க்குள் நுழைந்து, கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டாமல் சேமிப்பது தொல்லைதான். அதைவிடப் பெரிய தொல்லை, எழுதிய வரி அங்கேயே கிடந்துவிடுவது. தளப் பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்லும் இணையச் சேவையான டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்பே கணினி இந்தக் கோப்பைப் பார்த்துவிடும். புது சர்வரைச் சோதிக்க மார்ச் மாதம் ஒரு வரி போட்டீர்கள், ஜூனில் அதன் ஐபி மாறுகிறது என்று வையுங்கள். ஊருக்கெல்லாம் தளம் திறக்கும், உங்கள் கணினியில் மட்டும் திறக்காது. பிரவுசர் கேஷை அழிப்பீர்கள், ரவுட்டரை அணைத்துப் போடுவீர்கள். ஹோஸ்ட்ஸ் ஞாபகம் கடைசியில்தான் வரும்.

செயலியின் உண்மையான பயன் இங்கேதான். ஹோஸ்ட்ஸ் வரிகளை வேலைவாரியாகத் தனித்தனித் தொகுப்பாக வைக்கலாம். இடப்பக்கம் பெயர்ப்பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். 'கடைத் தளம் - புது சர்வர்' என்று ஒரு தொகுப்பு தொடங்கி, உள்ளே 203.0.113.10 என்பது போன்ற ஐபியும் ஓர் இடைவெளி விட்டு தளத்தின் பெயரும் எழுதுங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்ந்த பெயரையும் தனியாகச் சேர்க்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப்பெயர்களையும் பிடிக்க இந்தக் கோப்பில் வழியில்லை. போர்ட் எண்ணும் எழுதக்கூடாது. சோதித்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எது ஓடுகிறது என்பது எப்போதும் கண்முன்னே இருக்கும்.

நிறுவியதும் எழுதும் முறையில் 'சேர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மேலெழுது' கொடுத்தால் கோப்பில் ஏற்கெனவே இருப்பவை போய்விடும். டாக்கர் டெஸ்க்டாப் போன்றவை தாங்களே அதில் வரிகள் போட்டு வைத்திருக்கும்.

விண்டோஸ் மட்டும்தான், நாலைந்து வரிதான் என்றால் மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸில் உள்ள ஹோஸ்ட்ஸ் எடிட்டரே போதும். ஒவ்வொரு வரிக்கும் சுவிட்ச் உண்டு. அணைத்தால் வரி அழியாது, முன்னால் # குறி விழும், அவ்வளவே.

விளம்பரத் தடுப்புக்காகப் பல்லாயிரம் வரிப் பட்டியலை ஹோஸ்ட்ஸ் கோப்பில் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏதாவது ஒரு தளம் உடைந்தால் காரணமான வரியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மைக்ரோசாஃப்டின் முகவரிகளைத் தடுத்தால் டிஃபெண்டர் அதை ஆபத்து என்று கொடி காட்டுவதும் உண்டு. பிரவுசர் நீட்சியே அந்த வேலைக்குச் சரி.

சுவிட்சைப் போட்டும் மாற்றம் தெரியவில்லையென்றால், பிரவுசரை முழுவதுமாக மூடித் திறங்கள். பழைய இணைப்பை அது பிடித்து வைத்திருக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டில் 'ipconfig /flushdns' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையா? உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் அலுவலக பிராக்ஸி சர்வர் வழியாகப் போகிறீர்களா என்று பாருங்கள். அங்கே பெயரைத் தேடுவது பிராக்ஸிதான், உங்கள் கோப்பை அது பார்ப்பதே இல்லை.