புரோபேட் நீதிபதியை யார் தட்டிக் கேட்பது? – கேள்வி பதில்

அமெரிக்காவில் உயில், இறந்தவர் சொத்து, தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத முதியோருக்குக் கன்சர்வேட்டர் என்ற பொறுப்பாளரைப் போடுவது இவற்றையெல்லாம் பார்ப்பது புரோபேட் கோர்ட். அந்த நீதிபதிகளுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் வழக்கு நடத்துவது கனெக்டிகட்டில், அதனால் அந்த மாநிலத்து விவரங்கள்தான் அதிகம் வரும். மற்ற மாநிலங்களில் பெயரும் கெடுவும் மாறும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, மாமனார் இறந்து எட்டு மாதம் ஆகிறது. புரோபேட் கோர்ட்டில் ஃபைல் நகரவே இல்லை. நீதிபதி மேல் யாரிடம் புகார் கொடுப்பது?

புகாருக்கு முன்னால் கிளார்க்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் பக்கத்திலிருந்து என்ன வரவேண்டியிருக்கிறது?" நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் ஃபைல்கள் தூங்குவது நீதிபதியின் மேஜையில் இல்லை. எக்ஸிக்யூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றுபவர், நியமனமாகி இரண்டு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எஸ்டேட் (இறந்தவர் விட்டுப்போன சொத்து) வரிப் படிவம் போக வேண்டும். வரியே கட்ட வேண்டாத சின்ன சொத்தாக இருந்தாலும் அந்தப் படிவம் கட்டாயம், அதைப் புரோபேட் கோர்ட்டிலேயே கொடுக்க வேண்டும். கோர்ட் கட்டணத்தை அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். "வரி இல்லையே, படிவம் எதுக்கு" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். உங்கள் வக்கீல் அனுப்பிவிட்டாரா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஹியரிங்கும் முடிந்தது, உத்தரவு மட்டும் வரவில்லை என்றால் அது நிர்வாகப் பிரச்சினை. கனெக்டிகட்டில் அதற்குப் புரோபேட் கோர்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவரை நியமிப்பவர் மாநிலத் தலைமை நீதிபதி. எல்லா புரோபேட் கோர்ட்டுகளின் பட்ஜெட், நடைமுறை விதி, பயிற்சி எல்லாம் அவர் அலுவலகத்தின் பொறுப்பு. வழக்கு எண், ஹியரிங் தேதி, என்ன நிலுவையில் இருக்கிறது என்று அரைப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். நீதிபதியின் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் தப்பான தீர்ப்பையும் அந்த அட்மினிஸ்ட்ரேட்டரே மாற்றிவிடலாமா?

முடியாது. இந்தக் குழப்பத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டருக்குக் கடிதம், ஆளுநருக்குக் கடிதம், எம்.எல்.ஏ. மாதிரி இங்கே இருக்கும் மாநிலப் பிரதிநிதிக்குக் கடிதம் என்று எழுதிக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் அப்பீல் கெடு போயே போய்விடும்.

தீர்ப்பு தப்பு என்றால் முக்கிய வழி, புரோபேட் கோர்ட்டுக்கு மேலே இருக்கும் சுப்பீரியர் கோர்ட்டில் அப்பீல். பெரும்பாலான விஷயங்களுக்கு, உத்தரவு தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாள். கன்சர்வேட்டர் மாதிரியான சிலவற்றுக்கு 45 நாள். கவனியுங்கள், உங்கள் கைக்கு வந்த நாள் இல்லை, அனுப்பிய நாள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு நல்ல விஷயம், புரோபேட் ஹியரிங் முறைப்படி எழுத்தில் பதிவாகவில்லை என்றால் சுப்பீரியர் கோர்ட் வழக்கை முதலிலிருந்து புதிதாகவே கேட்கும். கீழே சாட்சி சொல்லும்போது தடுமாறினவர்களுக்கு இது பெரிய வரம்.

கேள்வி: புரோபேட் நீதிபதிகளைக் கட்சி சார்பில் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்களாமே? நம்பவே முடியவில்லை, மேடம்.

நம்புங்கள். கனெக்டிகட்டில் நாலு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல், கட்சிப் பெயரோடுதான். மற்ற நீதிபதிகளுக்கு நியமனம், இவர்களுக்கு மட்டும் ஓட்டு. 70 வயதோடு பதவி முடிந்துவிடும்.

முன்பு நிலைமை இன்னும் வினோதம். சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் தனி கோர்ட், மொத்தம் 117. ஒவ்வொரு கோர்ட்டும் தான் வசூலிக்கும் கட்டணத்தில்தான் ஓட வேண்டும், நீதிபதியின் சம்பளமும் அதிலிருந்துதான். பணக்கார ஊரில் பெரிய எஸ்டேட்டுகள் வரும், கல்லா நிறையும். ஏழை ஊர்க் கோர்ட்டுக்கு வருவதெல்லாம் மனநல வழக்கும் குழந்தைகள் வழக்கும், வேலை மலைபோல, வருமானம் ஒன்றுமில்லை. 2011 ஜனவரியில் இதை 54 கோர்ட்டாகச் சுருக்கினார்கள். சம்பளத்தையும் வேலைப்பளுவோடு இணைத்தார்கள். புதிதாக வருகிறவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் அந்தச் சீர்திருத்தத்தோடு வந்ததுதான். என்னைக் கேட்டால், நன்னடத்தை விதிகள் எல்லாம் சேர்ந்து செய்யாத நல்லதை அந்த ஒரு சுருக்கல் செய்தது.

மெயின் மாநிலத்தின் கதை தனி. பகுதிநேரப் புரோபேட் நீதிபதிகளைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் முறை வேண்டாம் என்று 1967-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனால் முழுநேர நீதிபதிகளோடு சட்டசபை வேறொரு ஏற்பாடு செய்த பிறகுதான் திருத்தம் நடைமுறைக்கு வரும் என்று ஒரு நிபந்தனை. பல பத்தாண்டுகள் சட்டசபை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கேள்வி: எங்கள் நீதிபதியும் எதிர்த்தரப்பு வக்கீலும் பழைய நண்பர்கள். ஊருக்கே தெரியும். இது போதாதா?

நட்பு மட்டும் போதாது. சின்ன ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த நட்பால் யாருக்கு என்ன கிடைத்தது என்று காகிதத்தில் காட்ட முடிந்தால்தான் விஷயம் நிற்கும்.

இதற்குப் புரூக்ளின் வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. நியூயார்க்கில் புரோபேட் கோர்ட்டுக்குப் பெயர் சரகேட் கோர்ட். அங்கே மைக்கேல் ஃபைன்பெர்க் என்ற சரகேட் நீதிபதி, வாரிசு யாரும் முன்வராத எஸ்டேட்டுகளைக் கவனிக்கும் அரசு நிர்வாகிக்கு வக்கீலாகத் தன் நீண்டகால நண்பரை வைத்தார். வழிகாட்டுதல்படி ஃபீஸ் அதிகபட்சம் 6 சதவீதம், இவர் வழக்கமாக 8 சதவீதம் கொடுத்தார். எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று வக்கீல் சத்தியப் பிரமாணத்தோடு தரவேண்டிய கணக்கைக் கேட்கவே இல்லை. 2005-ல் மாநில உச்ச அமைப்பான அப்பீல் கோர்ட் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் மாட்டியது வெறும் நட்பால் இல்லை, ஃபைலில் இருக்க வேண்டிய அந்தக் காகிதம் இல்லாததால்.

உங்கள் வழக்கில் முதல் வேலை, நீதிபதி விலக வேண்டும் என்று எழுத்தில் மனு போடுவது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

கேள்வி: நடத்தை சரியில்லை என்று புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? பழிவாங்குவாரோ என்று பயமாக இருக்கிறது.

கனெக்டிகட்டில் இதற்கென்று புரோபேட் நீதிபதிகளின் நடத்தைக் கவுன்சில் இருக்கிறது. ஐந்து பேர், வக்கீல் அல்லாத பொதுமக்களும் அதில் உண்டு. கண்டிக்கலாம், பகிரங்கமாகவும் கண்டிக்கலாம். ஆனால் பதவியைப் பறிக்கும் அதிகாரம் கவுன்சிலிடம் இல்லை, அது சட்டசபை கையில். பல்லில்லாத அமைப்பு என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. தேர்தலில் நிற்க வேண்டிய ஒருவருக்குப் பகிரங்கக் கண்டனம் சாதாரண அடி இல்லை.

புகார் எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடந்தார்" என்று எழுதினால் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். "நாங்கள் வெளியே காத்திருந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் நீதிபதி அறைக்குள் இருபது நிமிடம் இருந்தார், பிறகு ஹியரிங்கில் அங்கே பேசியதை நீதிபதியே குறிப்பிட்டார்" என்று தேதியோடு எழுதினால் யாரும் ஒதுக்க முடியாது. ஒரு தரப்பை விட்டுவிட்டு இன்னொரு தரப்போடு வழக்கைப் பேசுவது எந்த மாநிலத்திலும் நடத்தை விதிக்கு எதிர்.

பயம் நியாயம்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தால், புகாரோடு விலகல் மனுவையும் யோசியுங்கள்.

கேள்வி: நீதிபதி மேலேயே நஷ்டஈடு வழக்குப் போடலாமா? ஃபெடரல் கோர்ட்?

தீர்ப்புக்காக நீதிபதி மேல் பண வழக்கு நிற்காது. உயிலை நிரூபிப்பது, எஸ்டேட்டை நிர்வகிப்பது இரண்டும் மாநிலக் கோர்ட் வேலை என்று 2006-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லிவிட்டது, ஆகவே அந்த விஷயங்களில் ஃபெடரல் கோர்ட்டும், அதாவது மத்திய அரசின் கோர்ட்டும், கை கொடுக்காது.

ஒரு விதிவிலக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மகளைப் பார்க்கக் கனெக்டிகட் வந்த நியூயார்க் முதியவர் ஒருவரைக் கன்சர்வேட்டர் பொறுப்பில் விட்டு, முதியோர் இல்லத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்த வழக்கில் நீதிபதிக்கு நஷ்டஈடு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 2009-ல் முடிவானது. ஆனால் 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம், கோர்ட் நியமித்த வக்கீலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, கன்சர்வேட்டருக்கும் கோர்ட் அனுமதித்த செயல்களுக்கு மட்டும்தான் உண்டு என்றது. நீதிபதியைச் சுற்றி இருப்பவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வெளியாள் ஒருவரைக் கன்சர்வேட்டராகப் போட்டிருக்கிறார்கள். அவர் செலவு செய்வதை நீதிபதி உண்மையிலேயே பார்க்கிறாரா?

நேர்மையான பதில்: யாராவது கேள்வி கேட்டால் நன்றாகப் பார்ப்பார். யாரும் கேட்காத கணக்கு "ஆட்சேபம் இல்லை" என்று சுலபமாக நகர்ந்துவிடும். கனெக்டிகட்டில் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் என்பது பணம் காணாமல் போக தாராளமான அவகாசம். மின்னசோட்டாவில் கணக்கை ஆன்லைனில் போடச் சொல்லி, மாநிலத்துக்கே பொதுவான ஆடிட்டர்கள் பார்க்கிறார்கள். என் கணக்கில் அதுதான் சரியான மேற்பார்வை. நெவாடாவில் கார்டியன் (கன்சர்வேட்டர் மாதிரியான பொறுப்பாளர்) ஒருவர் முதியவர்களின் சொத்தைச் சுரண்டியது நாடே பேசும் விவகாரமானது. 2017-ல் அங்கே கார்டியன்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் வந்தது, அந்தக் கார்டியனுக்கு 2019-ல் சிறைத் தண்டனை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு நோட்டீஸும் உங்களுக்கு வர வேண்டும் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுங்கள். கணக்கு வந்ததும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, ஏ.டி.எம்.மில் எடுத்த பணம், கன்சர்வேட்டர் தனக்கே எடுத்துக்கொண்ட ஃபீஸ், விற்ற பொருளின் விலை, இந்த வரிகளைப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் கார்டில் வாராவாரம் பெட்ரோல் செலவு இருந்தால் அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி வங்கி ஸ்டேட்மெண்ட் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஹியரிங்கில் நான் மொழிபெயர்த்தால் ஒத்துக்கொள்வார்களா?

செய்யாதீர்கள். நீங்கள் வழக்கில் ஒரு தரப்பு, உங்கள் மொழிபெயர்ப்பை எதிர்த்தரப்பு சும்மா விடாது. ஹியரிங் தேதி வந்த உடனே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். "இந்திய மொழி" என்று எழுதினால் ஹிந்திக்காரர் வந்து நிற்பார், தமிழ் என்றே எழுதுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் அலுவலகத்துக்கு எழுத இதைவிடப் பொருத்தமான காரணம் கிடையாது.