தேவையில்லாததைக் களவெடுப்பது ஒரு வருத்தமா?

கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு 36 வயது. கடைக்குப் போனால் கிளிப், பேனை, சவர்க்காரம் என்று எதையாவது காசு கொடுக்காமல் பைக்குள் போட்டு வருகிறா. கையில் காசு இருக்கும். ஒன்றையும் பாவிப்பதில்லை. எல்லாம் அலுமாரிக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டால் அழுகிறா. போன கிழமை கடைக்காரர் பிடித்துவிட்டார். நூல் கட்டுவதா, டொக்டரிடம் போவதா?

பதில்: டொக்டரிடம் போங்கள். நூல் கட்டுவது உங்கள் விருப்பம். அதற்காகக் கிளினிக்கைப் பின்போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த உறை பிரிக்காத சவர்க்காரம்தான். களவெடுத்துப் பிழைப்பவர் விற்பார், இல்லாவிட்டால் பாவிப்பார். கிளெப்டோமேனியா, அதாவது களவெடுக்கும் உந்துதலை அடக்க முடியாத மனநோய், உள்ளவருக்குப் பொருள் தேவையில்லை. எடுக்குமுன் உள்ளே ஓர் இறுக்கம் ஏறும், எடுத்ததும் அது இறங்கும், பிறகு வெட்கம் வந்து வாட்டும். ஆனாலும் கடிதத்தை வைத்து முடிவுகட்ட மாட்டேன். மனநிலை மாறி மாறி மிக உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் இருதுருவ நோயிலும் இப்படி நடக்கலாம். மனச்சோர்வு கூடவே இருக்கலாம். இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்த சனம் அரிசி, சவர்க்காரம் வாங்கி அடுக்கிவைப்பது வேறு விஷயம். அதை இதனோடு குழப்பக்கூடாது.

மருந்தைவிடப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை அதிகம். கண்ணை மூடி, கடைக்குள் நிற்பதாகவும் கை நீளுவதாகவும் நினைக்கச் சொல்வோம். அந்த இடத்திலேயே பிடிபடுவதையும் சனம் கூடுவதையும் நினைக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்ய, உந்துதல் குறையும். மருந்து என்றால் நால்ட்ரெக்சோன் என்று ஒன்று இருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் 25 பேரிடம் 8 கிழமை நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்குக் களவெடுக்கும் உந்துதல் நன்றாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். பழைய செல் காயத்து நோவுக்கு டிரமடோல் போடுகிறவர் என்றால் கட்டாயம் முன்னமே சொல்லுங்கள், இரண்டும் சேரக்கூடாது.

கடைக்காரரிடம் நீங்களே போய்க் காசைக் கொடுத்துக் கதையுங்கள். அவவைக் கூட்டிப்போய் ஆட்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். வருத்தம் என்பதற்காகச் சட்டம் தானாக விட்டுவிடாது. பொலிசுக்குப் போனால் சட்டத்தரணியிடம் வைத்திய அறிக்கையைக் கொடுங்கள்.

வெட்கத்தில் சாகப்போகிறேன் என்று அவ சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். வயலுக்கு அடிக்கிற மருந்தை இன்றைக்கே பூட்டி வையுங்கள். மற்றபடி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாளில் என்று விசாரியுங்கள். அவ டொக்டரோடு தனியாகக் கதைக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.