"நான் பெண் இல்லையா?": மேடையில் எந்த உரையைச் சொல்வது?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டியில், அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, அடிமைமுறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் பேசிய சோஜர்னர் ட்ரூத்தைப் பற்றிப் பேசப்போகிறாள். "நான் பெண் இல்லையா?" என்ற அவருடைய உரையை மனப்பாடம் செய்துவிட்டாள். அதில் "பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றேன்" என்று வருகிறது. வாழ்க்கைக் குறிப்பிலோ ஐந்து பிள்ளைகள் என்றிருக்கிறது. அந்தக் கேள்வியே இல்லாத இன்னொரு உரையும் கிடைத்தது. எதை எடுத்துக்கொள்வது? ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்லலாம்? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள். சோஜர்னர் ட்ரூத்துக்குப் பிள்ளைகள் ஐந்து பேர்தான். பதின்மூன்று என்ற கணக்கும், திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்வியும், உரை நிகழ்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதியதில் இருந்து வந்தவை.

ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், 1851 மே மாதம் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. அங்கே அவர் பேசியதை, மாநாட்டில் இருந்த மாரியஸ் ராபின்சன் குறிப்பெடுத்து, தான் ஆசிரியராக இருந்த அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகையில் அதே ஆண்டு ஜூன் 21 அன்று வெளியிட்டார். மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் டேனா கேஜ், 1863-இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், தன் நினைவில் இருந்து எழுதியதுதான் இன்று உலகம் முழுக்க ஒப்பிக்கப்படும் உரை. ராபின்சன் எழுதியதில் "நான் பெண் இல்லையா?" என்ற வரி ஓரிடத்தில்கூட இல்லை. அவ்வளவு உணர்ச்சியோடு நான்கு முறை கேட்கப்பட்ட கேள்வியை நேரில் கேட்ட பத்திரிகையாளர் முழுக்க விட்டிருப்பார் என்று நம்புவது கடினம்.

கேஜின் வடிவத்தில் என்னை அதிகம் உறுத்துவது அதன் பேச்சு வழக்கு. தென்மாநிலப் பருத்தித் தோட்டத்து அடிமை பேசுவதுபோல எழுதியிருக்கிறார். சோஜர்னரோ நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் கவுண்டியில், 1797 வாக்கில், இசபெல்லா என்ற பெயரோடு பிறந்தவர். டச்சுக்காரக் குடும்பத்தின் அடிமை, தாய்மொழி டச்சு. ஒன்பது வயது வாக்கில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு விற்கப்பட்டபோது அவருக்கு ஆங்கிலமே தெரியாது. ஏவிய வேலை புரியாமல் நின்றதற்காகப் புதிய எஜமானனிடம் அடி வாங்கினார். அவரைத் தெற்கத்திக்காரியாக்கி விட்டால், நியூயார்க்கிலும் 1827 வரை சட்டப்படி அடிமைகள் இருந்தார்கள் என்பதே மறைந்துபோகிறது. என்னைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் எண்ணிக்கையைவிட இது பெரிய பிழை.

அதனால் மேற்கோள் காட்ட ராபின்சனின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவரும் சொல்லுக்குச் சொல் எழுதியிருக்க மாட்டார். சோஜர்னருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அவர் குரல் எப்போதும் பிறர் கை வழியாகத்தான் நமக்கு வருகிறது. ஆனாலும் நமக்குக் கிடைப்பதில் நெருக்கமானது அதுதான். வலுவிலும் குறைவில்லை: "எந்த ஆணுக்கும் உள்ள உடல்வலு எனக்கும் உண்டு. உழுதிருக்கிறேன், கதிர் அறுத்திருக்கிறேன், சோளம் உரித்திருக்கிறேன், விறகு பிளந்திருக்கிறேன், புல் அறுத்திருக்கிறேன். எந்த ஆணாவது இதைவிட அதிகம் செய்துவிட முடியுமா?" அறிவைப் பற்றி அவர் சொன்னதை நம் அளவையில் சொன்னால், ஆணிடம் இருப்பது ஒரு படி, பெண்ணிடம் அரைப்படி என்றே இருக்கட்டும், அவள் அந்த அரைப்படியை நிரப்பிக்கொள்ளக் கூடாதா?

இப்போது ஐந்து நிமிடத்துக்கு வருவோம். பிறப்பு முதல் இறப்பு வரை ஓடினால் எதுவும் மனதில் நிற்காது. நானாக இருந்தால், தன் மகனை மீட்க அவர் நடத்திய ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்வேன்.

நியூயார்க்கின் அடிமைகள் எல்லோரும் 1827 ஜூலை 4 அன்று விடுதலையாவார்கள் என்று சட்டம் இருந்தது. நன்றாக உழைத்தால் ஓராண்டு முன்னதாகவே விடுவதாக எஜமானன் ஜான் டுமாண்ட் வாக்குக் கொடுத்தார். பிறகு, கையில் வந்த நோயால் வேலை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி வாக்கை மீறினார். இசபெல்லா பாக்கி வேலையாக ஏறத்தாழ நூறு பவுண்டு கம்பளியை நூற்று முடித்துவிட்டு, 1826-இன் பிற்பகுதியில் ஒரு விடியலில் கைக்குழந்தையோடு வெளியேறினார். தான் ஓடிப்போகவில்லை, நடந்தே போனேன் என்று பிற்பாடு சொன்னார். வான் வேகனன் தம்பதி அடைக்கலம் கொடுத்து, மீதி மாதங்களுக்காக டுமாண்டுக்கு இருபது டாலர் கொடுத்தார்கள்.

அதற்குள் ஐந்து வயது மகன் பீட்டர் கைமாறி, தென்மாநிலமான அலபாமாவுக்குப் போய்விட்டான். மாநிலத்துக்கு வெளியே அடிமைகளை விற்பது நியூயார்க் சட்டப்படி குற்றம். டுமாண்டின் மனைவி இகழ்ந்து பேசியபோது, "என் பிள்ளையை நான் மீட்டே தீருவேன்" என்றார் இசபெல்லா. கையில் காசில்லை, படிப்பில்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் உதவ, கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் முறையிட்டார். 1828-இல் பையன் திரும்ப வந்தான். நீதிமன்றத்தில் அவன் தாயைத் தெரியாது என்று அலறி, தன்னை வைத்திருந்த எஜமானனிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று கெஞ்சினான். நெற்றித் தழும்பு குதிரை உதைத்தது என்றான். நீதிபதி தாயிடமே ஒப்படைத்தார். வீட்டில் சட்டையை விலக்கிப் பார்த்தபோது முதுகெல்லாம் சாட்டைத் தழும்பு. பயத்தில் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கப்பட்ட பிள்ளை அவன். வெள்ளையர் ஒருவருக்கு எதிராக வழக்காடி வென்ற முதல் கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். அந்த வழக்கின் கையெழுத்து ஆவணங்கள் நியூயார்க் மாநில ஆவணக்காப்பகத்தில் 2022-இல் வெளிச்சத்துக்கு வந்தன.

மீதியைச் சில வரிகளில் முடித்துவிடலாம். 1843-இல் சோஜர்னர் ட்ரூத் என்று பெயர் சூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பேசக் கிளம்பினார். தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்து 1850-இல் நூலாக்கினார். நூலையும் தன் புகைப்பட அட்டைகளையும் விற்றே செலவைச் சமாளித்தார். 1864-இல் ஜனாதிபதி லிங்கனைச் சந்தித்தார். 1883 நவம்பர் 26 அன்று மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் காலமானார்.

மனப்பாடம் செய்த வரியை உங்கள் மகள் அடியோடு விட வேண்டியதில்லை. "அவர் பேசியதாக, பன்னிரண்டு ஆண்டு கழித்து ஃபிரான்சிஸ் கேஜ் எழுதிய வரி இது" என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு முறை சொல்லட்டும். பதின்மூன்று பிள்ளைகள் வரும் வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். நடுவர் ஆதாரம் கேட்டால், 1851 ஜூன் 21, 1863 என்ற இரண்டு காலங்களையும் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.